தொலையாத சீட்டு

"அவ கை படக்கூடாது, சொல்லிட்டேன்! உங்க வாப்பாவோட வருஷ பாத்திஹாச் சோத்துல அவ கை படவே கூடாது!"

விடிந்தும் விடியாததுமாக ஷரீபா பீவியின் குரல் அடுப்படியை அதிர வைத்தது. மாமனாரின் வருஷ நினைவுநாள் நெய்ச்சோற்றுக்கு அரிசி களைந்துகொண்டிருந்த மருமகள் ரைஹானத், கையை உதறிக்கொண்டு எழுந்து ஒதுங்கி நின்றாள். ஒரு வருஷமாகப் பழகிப்போன ஏச்சுத்தான். ஆனாலும் கண் கலங்காமல் இருக்கவில்லை.

மேலப்பாளையத்தில் அந்தத் தெருவுக்கே தெரிந்த கதை அது. போன வருஷம் மாமனார் நூர்முகம்மது மவுத்தான அன்றைக்கு, மாலத்தீவில் வேலை பார்த்த மகன் யஹ்யாவுக்குத் தகவல் சொல்ல வேண்டியவள் இவள்தான். போன் நம்பர் எழுதிய சீட்டைத் தொலைத்துவிட்டாள்! மறுநாள்தான் சீட்டு கிடைத்ததாம், மூன்றாம் நாள்தான் அவன் வந்து சேர்ந்தான். திருவனந்தபுரத்துக்கு விமானத்தில் ஒரு மணி நேரம், அங்கிருந்து நாலு மணி நேரம் கார். மத்தியானம் சொல்லியிருந்தால் ராத்திரி வந்திருப்பானே என்று ஊரே அங்கலாய்த்தது. பெற்ற வாப்பாவின் கபரில் மூன்று பிடி மண் போட மகனுக்குக் கொடுத்துவைக்கவில்லை.

மகனிடம் மட்டும் ஷரீபா பீவி இதைப் பற்றி மூச்சு விடவில்லை, வீட்டில் யாரையும் வாய் திறக்க விடவும் இல்லை. அவன் முன்கோபி, ஆத்திரத்தில் தலாக் என்று ஒரு வார்த்தை சொல்லி மனைவியை ஒதுக்கிவிட்டால் பேத்தியின் கதி என்ன என்ற பயம். நல்ல மனுஷிதான். அந்த நல்ல மனதில் மருமகளுக்கு மட்டும் இடமில்லாமல் போயிற்று.

முந்தின நாள்தான் யஹ்யா விடுப்பில் வந்திருந்தான். சத்தம் கேட்டு அடுப்படி வாசலுக்கு வந்தவன், "என்ன உம்மா, காலங்காத்தால?" என்றான்.

"ஒண்ணுமில்ல லே. நீ போயி தேத்தண்ணி குடி."

அவன் தங்கை ஜன்னத்துக்குத்தான் பொறுக்கவில்லை. "எத்தன நாளைக்கு உம்மா மூடி வைக்க? அண்ணே, ஒம் பொஞ்சாதி அன்னைக்கு நம்பர் சீட்டத் தொலச்சதாலதான் நீ வாப்பா மொகத்தப் பாக்கல! தெரியுமா ஒனக்கு?"

"சீட்டா...? எந்தச் சீட்டு? அன்னைக்கு மத்தியானமே எங்கிட்ட பேசிட்டாளே!"

ரைஹானத் கணவனைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். "வேண்டாம் மச்சான்... விட்டிருங்க... ஒங்க கால்ல விழுதேன், சொல்லாதீங்க!"

அவன் கேட்கவில்லை. நேரே போய்த் தாயின் காலடியில் உட்கார்ந்துவிட்டான்.

"உம்மா, நீங்க நெனைக்க மாதிரி நான் ஓட்டல் ஸ்டோர்ல வேலை பாக்கல. முதல்ல பாத்தேன். இப்ப கடலுக்குள்ள முங்குத வேல. முதுவுல காத்து சிலிண்டரக் கட்டிக்கிட்டு அடிவரைக்கும் போகச் சொல்லிக் குடுக்கேன். அத சொல்லிக் குடுக்க வாராங்கள்லா வாத்தியாருங்க, அவங்களுக்கு வாத்தியாரு நான்."

ஷரீபா பீவியின் முகம் வெளுத்தது. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் அவளுடைய மூத்த மகன் மீரான், கருப்பந்துறை ஆற்றில் வெள்ளத்தோடு போனவன். மூன்றாம் நாள்தான் ஆற்றிலிருந்து எடுத்தார்கள். அன்றைக்கே இளையவன் யஹ்யாவின் கையைத் தன் தலையில் வைத்து, இனிமேல் தண்ணீரில் கால் வைக்கமாட்டேன் என்று சத்தியம் வாங்கியிருந்தாள்.

"எந் தலையில அடிச்சு சத்தியம் பண்ணுனியே லே... பாவி!"

"பண்ணுனேன் உம்மா. ஆனா அண்ணன மூணு நாளா கரையில நின்னுதான தேடுனாங்க? உள்ள எறங்கிப் பாக்க ஒரு ஆளுக்குத் தெரியலையே! அது எனக்கு ஆறவே இல்ல. அங்கன போயி அந்த வேலையப் பாத்ததும் கைய கட்டிக்கிட்டு இருக்க முடியல. இவளுக்கு மட்டுந்தான் தெரியும். ஒங்கள்ட்ட சொன்னா உசுர விட்டுருவீங்கன்னு பயந்தோம்."

பிறகு அந்த நாளைச் சொன்னான். அன்று காலையில் நூறடி ஆழம் போய் வந்திருந்தான். ஆழத்தில் சுவாசிக்கிற காற்று ரத்தத்தில் கரைந்து கிடக்கும், அது பைய வெளியேறுவதற்கு ஒரு நாளாவது வேண்டும். அதற்குள் விமானத்தில் ஏறி மேலே போனால், மூடியைத் திறந்த சோடா மாதிரி ரத்தத்துக்குள் நுரை கிளம்பிவிடும். கை கால் விழுந்துபோகும், உயிரும் போகலாம்.

"வாப்பா போயிட்டாங்கன்னு சொன்னதும் எனக்கு ஒண்ணும் ஓடல உம்மா. மூணு மணி விமானத்துல வாரேன்னேன். இவதான் கேட்டா, 'இன்னைக்கு முங்குனீங்களா?'ன்னு. நான் பேச்ச மாத்துனேன். 'எவ்வளவு ஆழம், சொல்லுங்க'ன்னா. சொன்னேன். 'வராதீங்க மச்சான்! நாள் கழிச்சு ஏறுங்க. இங்கன ஒரு மையத்து கெடக்கு, ரெண்டாவது வேண்டாம்'னு அழுதா. விமானத்த விட்டுட்டதா வீட்டுல சொல்லிக்கிடுதேன்னா. சீட்டத் தொலச்சேன்னு பழியத் தலையில போட்டுக்கிட்டது எனக்குத் தெரியவே தெரியாது!"

ரைஹானத் சுவரோடு ஒண்டிக்கொண்டாள். தெருமுனைக் கடையில் போன் பேசிவிட்டு அவள் வாசலில் கால் வைத்ததுமே, "நம்பரக் குடு, நானும் ஒரு வார்த்த பேசுதேன்" என்று ஜன்னத்தின் மாப்பிள்ளை கையை நீட்டியது நினைவுக்கு வந்தது. அவர் பேசினால் ஓட்டல்காரர்கள் உண்மையைப் போட்டு உடைத்துவிடுவார்கள். ஒரு மகனைத் தண்ணீருக்குக் கொடுத்தவள், புருஷனின் மையத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்க வேண்டுமா? "சீட்டு தொலஞ்சிட்டு" என்று வாயில் வந்துவிட்டது. கொல்லைக்குப் போய்ச் சீட்டைக் கிழித்துச் சாக்கடையில் போட்டாள். மறுநாள் கிடைத்துவிட்டதாகச் சொன்னதும் பொய்தான், நம்பர் அவளுக்கு மனப்பாடமாயிற்றே.

ஷரீபா பீவி மகனின் தோளைப் பிடித்துக்கொண்டாள். "அங்கன... உள்ள... என்னதான் லே இருக்கு?" என்று கேட்டாள்.

யஹ்யா பெட்டியைத் திறந்து ஒரு வீடியோ கேசட்டை எடுத்தான். அவனிடம் பயிற்சிக்கு வந்த வெள்ளைக்காரர் ஒருவர் கடலுக்குள்ளேயே பிடித்தது. எல்லோரையும் கூடத்துக்குக் கூட்டிப்போய் டி.வி. டெக்கில் போட்டான். ரைஹானத்தும் அதுவரை பார்த்ததில்லை, அவன் வாயால் கேட்டதோடு சரி.

அல்லாஹ்வே! எத்தனை வெளிச்சம்! தலைக்கு மேலே அலை நெளிய, அதன் வழியே வெயில் கீழே இறங்கி வெள்ளை மணலில் ஆடிக்கொண்டிருந்தது. மீன்கள் ஆளைக் கண்டு விலகவே இல்லை. முற்றம் அகலத்துக்கு ஒரு திருக்கை மீன், அவசரமே இல்லாமல் தலைக்கு மேலே கடந்து போயிற்று. அதன் கீழே, மணலில் ஏழு பேர் வட்டமாக மண்டியிட்டிருக்க, நடுவே அவள் மச்சான்! பேச்சில்லை, சத்தமில்லை, எல்லாம் கைஜாடைதான். அவன் விரல் அசைந்தால் அத்தனை பேரும் அசைந்தார்கள். தன்னோடு உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கிற மனிதனா இது என்று ரைஹானத்துக்கு உடம்பு சிலிர்த்தது.

"சுபுஹானல்லாஹ்..." என்றாள் ஷரீபா பீவி. "அடியில இருட்டுன்னுல்லா நெனச்சேன்... எம் மீரான் இருட்டுக்குள்ள போயிட்டான்னு பதினஞ்சு வருசமா அழுதேனே..."

திரையில் ஒரு பெண் வாயிலிருந்த காற்றுக் குழாயைத் திடீரென்று உருவிப் போட்டாள்.

"ஐயோ! லே, அந்தப் புள்ளயப் புடி!"

"வேணும்னேதான் பண்ணுதா உம்மா. நாந்தான் பண்ணச் சொன்னேன். வாத்தியாராவ வந்தவன் முன்னால ஒவ்வொருத்தரும் ஒரு தப்பு பண்ணுவாங்க. அவன் கண்டுபிடிச்சு, கையப் புடிச்சு சரி பண்ணணும். பாக்காம விட்டுட்டான்னா அவன் தோத்தான். பக்கத்துல நின்னு அதத்தான் நான் பாப்பேன்."

ஷரீபா பீவி மெல்லத் திரும்பினாள். சுவரோரம் நின்ற மருமகளைப் பார்த்தாள்.

"ஒரு வருசமா... எங் கண்ணு முன்னால ஒருத்தி வேணும்னே ஒரு தப்ப பண்ணிட்டு நின்னிருக்கா... நான் கண்டுபிடிக்கலையே லே! நான்லா தோத்துட்டேன்!"

எழுந்து தடுமாறி வந்து ரைஹானத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "எம் மவனோட உசுரக் காப்பாத்தித் தந்தவள நாய விரட்டுத மாதிரி விரட்டுனேனே! என்னைய மன்னிச்சுப் பொருந்திக்க ளா... பொருந்திக்கிட்டேன்னு ஒன் வாயால சொல்லு தாயி!"

"மாமி... என்ன பேச்சு இது! நீங்க போயி எங்கிட்ட..." ரைஹானத் குனிந்து அந்தக் கைகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஜன்னத் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு விம்மினாள்.

கேசட் ஓடிக்கொண்டேயிருந்தது. திரையில் யஹ்யா மேலே ஏறிக்கொண்டிருந்தவன், பாதித் தண்ணீரில் அப்படியே நின்றுவிட்டான்.

"ஏன் அங்கனயே நிக்கே?" என்று டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்த மகனிடம் பதறினாள் ஷரீபா பீவி.

"நின்னு நின்னுதான் உம்மா வரணும். அவசரப்படக் கூடாது."

மருமகளை மார்போடு அணைத்தபடியே அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றாள். மகனின் தலை வெயிலில் தெரிந்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

"திரும்ப எப்ப லே போவணும்?"

"நீங்க போவாதன்னா போவல உம்மா."

"போ. அந்தச் சத்தியத்த நான் திருப்பி வாங்கிக்கிட்டேன்." கண்ணீரைத் துடைக்கக் கூட மருமகளிடமிருந்து கையை எடுக்கவில்லை. "தண்ணிக்குள்ள போ, வேணாங்கல. ஆனா மேல வரும்போது பைய வா லே. இங்கன நாங்க ரெண்டு பேரு பாத்துக்கிட்டு இருக்கோம்."

ஒரு வருஷமாக யார் முன்னாலும் வாய்விட்டு அழாத ரைஹானத், மாமியின் தோளில் முகம் புதைத்து ஓவென்று அழுதாள்.