மீட்டர் மேல் ஒரு புகார்

ஞாயிற்றுக்கிழமை காலை. அந்த ஒற்றை அறை வீட்டில் ஐந்து பேரும் இருந்தார்கள். கட்டிலில் அப்பா. ஜன்னலோர நாற்காலியில் அத்தை. தரையில் அம்மாவும் அண்ணனும். மேசை முன்னால், கையில் பேனாவோடு, பத்து வயது டைரி. எதைப் பார்த்தாலும் குறித்துவைப்பாள் என்பதால் வீட்டில் அவளுக்கு அந்தப் பெயர்.

எல்லோருக்கும் வியர்த்து ஊற்றியது. முன்கூட்டியே காசு கொடுத்து வாங்கிய கார்டை மீட்டரில் போட்டால்தான் அங்கே கரண்ட் வரும். அவர்களால் வாரத்துக்கு ஒரு மின்சாரக் கார்டுதான் வாங்க முடியும். இந்த வாரக் கார்டு வியாழக்கிழமையே தீர்ந்துவிட்டது. அடுத்தது நாளைக்குத்தான். அதுவரை ஏசியும் இல்லை, ஃபேனும் இல்லை.

அப்பாவுக்கு பேக்கரியில் இரவு வேலை. பகலில்தான் தூங்க வேண்டும். மூன்று நாளாகத் தூங்கவில்லை. நேற்று இருநூறு பன்னுக்கான மாவில் சர்க்கரைக்குப் பதிலாக உப்பைக் கொட்டிவிட்டார்.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேலையே போயிடும்," என்றார் அப்பா. "மின்சார ஆபீசுக்கு எழுதும்மா. எங்க மீட்டர் ஓடலை, பறக்குது. உடனே மாத்துங்கன்னு எழுது."

டைரி எழுதினாள். நடுவில் பேனா நின்றது.

"ஏசியை எத்தனையில வைக்கிறீங்கன்னு கேப்பாங்களே?"

"பதினெட்டு!" என்றான் அண்ணன் பெருமையாக.

"அப்போ நீ ஏன் ரெண்டு போர்வை போர்த்திக்கிறே? அத்தை ஏன் ஸ்வெட்டர் போட்டுக்கிறாங்க?"

"கரண்ட் இருக்கிறப்பவே அனுபவிச்சுக்கணும்டி!" என்றார் அத்தை.

டைரி கடிதத்தை மடித்தாள். ஆனால் உறையை ஒட்டவில்லை.

"ஒரு வாரம் பொறுங்கப்பா. அப்புறம் அனுப்பலாம்."

திங்கட்கிழமை புதுக் கார்டு வந்தது. மாலையில் டைரி, ஏசியில் எண் தெரியும் இடத்தைக் காகிதம் ஒட்டி மறைத்தாள். ரிமோட்டைப் புத்தகப் பைக்குள் போட்டுக்கொண்டாள். ஃபேனை மெதுவாக ஓடவிட்டு, கால் மணிக்கு ஒரு டிகிரி ஏற்றினாள்.

இருபத்திரண்டில் அண்ணன் ஒரு போர்வையை உதறினான். இருபத்துநாலில் அத்தையின் ஸ்வெட்டர் நாற்காலிக்குப் போனது. இருபத்தேழில் அத்தை காலை நீட்டி உட்கார்ந்தார்.

"இப்பதான் சுகமா இருக்கு. என்ன இருந்தாலும் பதினெட்டுன்னா பதினெட்டுதான்!"

டைரி காகிதத்தை எடுத்தாள். அத்தை திறந்த வாயை மூடவில்லை. அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

டைரி சுவரில் ஓர் அட்டவணை ஒட்டினாள். அப்பா தூங்கும்போது இருபத்தாறு. மற்ற நேரம் இருபத்தெட்டு, கூடவே ஃபேன். வெயில் தாழ்ந்ததும் ஜன்னலைத் திறந்துவிட்டு ஃபேன் மட்டும்.

வியாழன் வந்தது, போனது. வெள்ளியும் சனியும் அப்படியே.

மறுபடி ஞாயிறு காலை. கட்டிலில் அப்பாவின் குறட்டை. மற்ற நால்வரும் தரையில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். மீட்டரில் கரண்ட் இன்னும் மிச்சமிருந்தது.

டைரி பழைய கடிதத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினாள்: 'எங்கள் மீட்டர் சரியாகத்தான் ஓடுகிறது. இத்துடன் எங்கள் வீட்டு அட்டவணையை வைத்திருக்கிறேன். கார்டு விற்கும் இடத்தில் ஒட்டிவைத்தால் மற்றவர்களுக்கும் உதவும்.'

"இருபத்தேழைக் கண்டுபிடிச்சது நான்தான்னு எழுதுடி," என்று கிசுகிசுத்தார் அத்தை.

அதையும் எழுதினாள். அம்மா சத்தமில்லாமல் உறையை ஒட்டினாள். அண்ணன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பூனைபோல வெளியே நடந்தான்.

தெருமுனைத் தபால் பெட்டிக்குள் கடிதம் விழுந்தபோதும் அப்பாவின் குறட்டை நிற்கவில்லை.