மூத்தவளின் பத்து விநாடி

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு இளையவள் மாடியறைக் கதவைத் திறந்து, ஜன்னலையும் திறந்துவிட்டு, ரேடியோ மேசை முன்னால் உட்கார்ந்தாள். இரண்டாந்தாரமாக இந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருடமாகிறது. அந்த நாற்காலியில் தனியாக உட்காருவது இதுதான் முதல் தடவை.

அது மூத்தவளின் மேசை. அவள் செத்து நாலு வருடமாகியும் ஸ்க்ரூடிரைவர் அவள் வைத்த இடத்திலேயே கிடந்தது. தூசி தட்டலாம், எதையும் நகர்த்தக் கூடாது. உயிரோடு இருக்கிற சக்களத்தி என்றால் தலைமயிரைப் பிடித்துச் சண்டையாவது போடலாம். இவளை என்ன செய்வது?

ஊருக்கு வெளியே குன்றின்மேல் ஒரு ரிப்பீட்டர் இருந்தது. கைரேடியோவில் பேசுகிற பேச்சை வாங்கி, பலமாக்கி, ஊர் முழுக்கக் கேட்கும்படி திருப்பி அனுப்பும் பெட்டி. அதில் பேசிக்கொள்ள, ரேடியோவைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவர்களின் ஹாம் குழு ஒன்று. பல் டாக்டர், பஸ் டிரைவர், பேக்கரிக்காரர் என்று இருபது பேர். ஞாயிறு பத்து மணிக்கு வருகைப்பதிவு நடக்கும். பல் டாக்டர் ஆளுக்கொன்றாக இருக்கும் கால்சைனை, அதாவது ரேடியோ அடையாளப் பெயரை, ஒவ்வொன்றாகக் கூப்பிடுவார், அவரவர் பதில் சொல்வார்கள். கடைசியாக மூத்தவளின் கால்சைன். அதற்கப்புறம் பத்து விநாடி ஒருவரும் பேசும் பொத்தானில் விரல் வைக்க மாட்டார்கள். குழுவை ஆரம்பித்தவளுக்கு அவர்கள் செய்யும் மரியாதை அது.

இளையவளுக்குப் பற்றிக்கொண்டு வருவது அந்தப் பத்து விநாடியில்தான். அப்போது புருஷன் கண்ணை மூடிக்கொள்வான். முகம் இளகும். அந்த முகம் ஒருநாளாவது இவள் பக்கம் திரும்பியிருக்குமா? திரும்பவில்லை. நல்லவன், குறை சொல்ல முடியாது, கேட்டதை வாங்கித் தருவான். ஆனால் அந்த முகம் மட்டும் கிடையாது. அதற்காகத்தான் இவள் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் மதியச் சாப்பாட்டு நேரமெல்லாம் புத்தகமும் கையுமாக இருந்து ஹாம் லைசென்ஸே வாங்கினாள். குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். மூத்தவளை அக்கா என்றவர்கள் இவளை மேடம் என்றார்கள்.

இன்று பல் டாக்டர் வெளியூர். "நீங்களே நடத்துங்க மேடம், உங்க குரல் தெளிவா இருக்கு" என்று நேற்றே சொல்லிவிட்டார். லிஃப்ட் மெக்கானிக்கான புருஷனுக்கு ஏதோ ஒரு கட்டிடத்திலிருந்து அவசர அழைப்பு. கைரேடியோவை இடுப்பில் செருகிக்கொண்டு வாசல்வரை போனவன் திரும்பிப் பார்த்தான்.

"கடைசியில அவள மறந்துடாத."

"எல்லாம் தெரியும். போயிட்டு வாங்க."

முதன்முதலாகத் தனியாக நடத்தப் போகிறவளுக்கு, நல்லா பண்ணு என்று ஒரு வார்த்தை கிடையாது. அந்த எரிச்சல் பத்து மணிவரை ஆறவில்லை.

வருகைப்பதிவு வழுக்கிக்கொண்டு போனது. ஒவ்வொருவரும் பேசி முடித்துப் பொத்தானை விடும்போது ரிப்பீட்டர் 'பீப்' என்றது. பத்தொன்பது பேர். கடைசிக் கால்சைனுக்கு வந்தாள். பட்டியல் தாளில் அதை விரலால் மறைத்துக்கொண்டாள்.

"இத்தோட இன்னைக்கு வருகைப்பதிவு முடிஞ்சுது. எல்லாருக்கும் நன்றி."

பொத்தானை விட்டாள்.

பீப் வரவில்லை.

ரேடியோ முகப்பில் அலையின் பலம் காட்டும் கோடு மொத்தமும் நிறைந்து நின்றது. யாரோ பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கிறார்கள், பேசவில்லை. குன்றின்மேல் இருக்கும் ரிப்பீட்டரிலிருந்துகூட இவ்வளவு பலம் வந்ததில்லை. அறையில் சூடான ஈயம் பற்றவைத்த வாசனை எழுந்தது. மூத்தவளின் பற்றவைக்கும் கோல் மேசையோரம் ஜில்லென்று கிடந்தது, அதன் ஒயர் எங்கும் சொருகப்படவில்லை.

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஏழு. எட்டு. ஒன்பது. பத்து.

பீப்.

"மேடம்…" பேக்கரிக்காரரின் குரல் இறங்கியிருந்தது. "இது நல்லால்ல."

"எது?"

பஸ் டிரைவர் குறுக்கே வந்தார். "அக்கா குரல ரெக்கார்டு பண்ணி வெச்சிருந்தா வீட்டுக்குள்ள போட்டுக் கேளுங்க. நன்றி சொல்றதுக்கெல்லாமா அதப் போடறது?"

"ஐயோ, நான் எதையும் போடலியே! நான்தானே பேசினேன்!"

"பாருங்க, மறுபடியும் அக்கா குரல்ல…"

ரிப்பீட்டரிலிருந்து என்னதான் வெளியே போகிறது? அலமாரியில் சார்ஜில் கிடந்த இன்னொரு கைரேடியோவை எடுத்துக் குமிழைத் திருகி ஆன் செய்தாள். அதைக் காதோடு வைத்துக்கொண்டு, மேசை ரேடியோவின் மைக்கிலிருந்த பொத்தானை அழுத்தினாள்.

"நான்தான் பேசறேன்."

காதில் அதே வார்த்தைகள் வந்தன. நிதானமாக, லேசான சிரிப்போடு. புருஷன் கதவைச் சாத்திக்கொண்டு செல்ஃபோனில் பார்க்கிற பழைய வீடியோவில் கேட்கும் குரல்.

"நான்தான் பேசறேன்."

மைக் கையைவிட்டு நழுவியது. ஸ்பீக்கரில் புருஷன் வந்தான். மூச்சு வாங்கியது.

"யாரு? நீயா? இன்னொரு தடவ பேசு. ஒரே ஒரு தடவ."

இரண்டு வருடத்தில் இவளிடம் அவன் எதையும் அப்படிக் கெஞ்சிக் கேட்டதில்லை. பயத்துக்கு நடுவிலும் வயிறு எரிந்தது. ரேடியோவின் ஒயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் படிகளில் தடதடவென்று இறங்கினாள்.

அரை மணியில் அவன் வந்தான். கையில் கிரீஸ், காலில் ஷூ. இவளைத் தள்ளாத குறையாக மாடிக்கு ஓடினான். நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றுமில்லை. மெல்ல இறங்கி வந்து கடைசிப் படியில் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துவிட்டான். பாவமாக இருந்தது. வேறென்ன கேட்பது?

"தண்ணி குடிக்கிறீங்களா?"

அவன் விலுக்கென்று நிமிர்ந்தான்.

அவளுக்கும் கேட்டது. அவள் குரல் இல்லை அது.

ரேடியோ மாடியில் அணைந்து கிடக்கிறது. இங்கே மைக் இல்லை, ஒயர் இல்லை.

அவன் முகம் இளகியது. அந்த முகம். நேராக இவளைப் பார்த்தபடி.

"இன்னொரு தடவ சொல்லேன்" என்றான் மெதுவாக.

அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். முடியாது என்று தலையாட்டினாள். கண்ணில் நீர் முட்டியது. அவன் காத்திருந்தான். கொஞ்சம் கொஞ்சமாக அந்த முகம் வாடத் தொடங்கியது. இன்னும் ஒரு நிமிடம் போனால் பழைய முகமாகிவிடும், கேட்டதை வாங்கித் தருகிற முகம். அதை மட்டும் அவளால் தாங்க முடியவில்லை.

கையை எடுத்தாள்.

என்ன சொல்வது என்று அவள் இன்னும் யோசிக்கக்கூட இல்லை. அதற்குள் அவள் வாய் பேச ஆரம்பித்திருந்தது.