பின்னால் தெரியாத கார்

1988 அக்டோபர். பகல் 12.40.

கொட்டுகிற மழையில் யாரோ கூப்பிடும் குரல் கேட்டது. சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிய ஸாயிரா, பட்டறை முற்றத்தின் கோடியில் தன் அப்பாவைக் கண்டாள். சாக்கடை மூடிமேல் குப்புறக் கிடந்தார் இலாரியோ வான்தெல்லி. பக்கத்தில் மண்டியிட்டு, அவர் தலை நனையாமல் தன் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தான் எர்மெஸ். இரண்டடி தள்ளி ஒரு மஞ்சள் கார் நின்றது. அதன் பின்பக்கம் நசுங்கியிருந்தது.

"மூச்சு இருக்கு பாப்பா. ஆம்புலன்ஸுக்குச் சொல்லு" என்றான் எர்மெஸ்.

மொதெனா நகரத்துக்குத் தெற்கே மலையடிவாரத்தில் வருஷத்துக்கு ஐந்தாறு கார் மட்டும் கட்டுகிற பட்டறை அது. எல்லாமே எஞ்சினை ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைத்த பந்தயக் கார்கள். கட்டுகிறவர் இலாரியோ. கட்டியதை மலைச் சாலையில் ஓட்டிப் பார்த்துக் குறை சொல்கிறவன் எர்மெஸ் கவியோலி. இருபது வருஷமாக இதுதான் ஏற்பாடு.

இன்ஸ்பெக்டர் ஓரியெல்லா பொன்விச்சினி வந்தபோது மழை விட்டிருந்தது. இலாரியோவை ஆபரேஷனுக்கு எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். அவர் மனைவியும் கூடப் போயிருந்தாள். எர்மெஸ் ஆபீஸ் அறைக்குள் வரும்போது நிலைக்கட்டையில் இடது தோளை இடித்துக்கொண்டான். அதைப் பொருட்படுத்தாமல் உட்கார்ந்தான்.

"சொல்லுங்க. என்ன நடந்துச்சு?"

"வெள்ளோட்டம் முடிச்சு வந்தேன். காரை அது இடத்துல விடலாம்னு கேட்டுலேர்ந்து ரிவர்ஸ் எடுத்தேன். டம்முனு ஒரு சத்தம். காரைக் கொஞ்சம் முன்னாடி எடுத்துட்டு இறங்கி ஓடினா முதலாளி கிடக்காரு."

"பின்னாடி ஆள் இருந்தது தெரியலையா?"

"மேடம் இந்த மாதிரி கார்ல உக்காந்திருக்கீங்களா?"

"நான் ஓட்டுறது தகர டப்பா."

"இதுல எஞ்சினே பின்னாடிதான். கண்ணாடியைப் பாத்தா எஞ்சின் மூடியும் ஒரு கீத்து வானமும் தெரியும். யானை நின்னாலும் தெரியாது."

"யாரும் நின்னு கை காட்ட மாட்டாங்களா?"

"காட்டுவாங்க. எல்லாரும் சாப்பிடப் போயிட்டாங்க. இந்த மழையில யாரு முத்தத்துல இருப்பாங்கன்னு நினைச்சேன். அவரு என்னடான்னா அடைச்சுக்கிட்ட சாக்கடையைக் குத்திவிட உக்காந்திருந்தாரு."

"சுவரோரமா ஒரு தொட்டி உடைஞ்சு கிடக்கே?"

முற்றத்தில், கார் நின்ற இடத்துக்கும் கேட்டுக்கும் நடுவே, ஓட்டுநர் பக்கச் சுவரையொட்டி எலுமிச்சைத் தொட்டிகள் வரிசையாக இருந்தன. சுட்ட மண் தொட்டிகள். அதில் ஒன்று இரண்டாகப் பிளந்திருந்தது.

"ஸ்ட்ரெச்சர் தூக்கினவங்க தட்டிவிட்டிருப்பாங்க" என்றான் எர்மெஸ்.

கான்ஸ்டபிள் நேவியோ அவனுக்கு இடது பக்கமாக ஒரு காபியை வைத்தான். எர்மெஸ் எழுந்திருக்க, முழங்கை பட்டு கோப்பை கவிழ்ந்தது. அவன் சத்தம் கேட்டுத்தான் திரும்பினான்.

வெளியே வந்ததும் நேவியோ சொன்னான். "பாவம் மேடம். விபத்துதான். இந்த மாதிரி கார்ல பின்னாடி தெரியாதுங்கறது ஊருக்கே தெரியும். எழுதி முடிச்சிரலாம்."

"ஊருக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியாதே. உக்காந்து பாத்துட்டு எழுதறேன்."

மஞ்சள் காரைச் சுற்றிக் கயிறு கட்டியாயிற்று. அதே அச்சில் வார்த்த நீலக் கார் ஒன்று கொட்டகையில் இருந்தது. அதை எடுத்து வந்தாள் ஸாயிரா. அழுது முடித்த முகம். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வருகிறவரை சும்மா உட்கார முடியவில்லை என்றாள்.

ஸாயிரா பக்கத்து இருக்கைக்கு மாற, ஓரியெல்லா ஓட்டுநர் இருக்கையில் இறங்கினாள். உட்கார்ந்தாள் என்று சொல்ல முடியாது, படுத்தாள். தெருவில் நடக்கிறவனின் இடுப்பு உயரத்தில் அவள் கண் இருந்தது. சாவியைத் திருப்பியதும் முதுகுக்குப் பின்னால் எதுவோ உறுமி எழுந்தது. கேட்டைத் தாண்டித் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே வண்டி பாய்ந்தபோது அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

முன்னால் எஞ்சின் இல்லாததால் மூக்கு சரிந்து காணாமலே போயிருந்தது. சாலை நேராக மடியில் வந்து விழுந்தது. இரண்டு சக்கர வளைவுகள் மட்டும் இரண்டு முழங்கால் போல மேலெழுந்து நின்றன. எந்தக் கல்லுக்கு எவ்வளவு தள்ளிப் போகிறோம் என்று விரல் வைத்து அளக்கலாம் போலிருந்தது.

"முன்னாடி இவ்வளவு நல்லா தெரியுமா?"

"இதைவிட நல்லா எந்த வண்டியிலயும் தெரியாது மேடம்" என்றாள் ஸாயிரா.

"அப்போ ரொம்ப வருஷம் ஓட்டினவர் எதையும் இடிக்கவே மாட்டார்."

ஸாயிரா கொஞ்சம் தயங்கினாள். "போன வாரம் எர்மெஸ் மாமா ரெண்டு தடவ, ஓட்டிப் பாக்கறதுக்காக ரோட்டுல வெக்கற கூம்பைத் தட்டிட்டார். நாங்க கேலி பண்ணினோம். அப்பா மட்டும் சிரிக்கல."

"எந்தப் பக்கத்துக் கூம்பு?"

"ரெண்டும் இடது பக்கம்."

"அப்பா ஏதாவது சொன்னாரா?"

"இன்னிக்குக் காலையில மாமாவைத் தனியா கூப்பிட்டுப் பேசினார். சாப்பாட்டுக்கு அப்புறம் எல்லாருக்கும் ஒரு விஷயம் சொல்லணும்னார். துரின் கார் கண்காட்சியைப் பத்தி இருக்கும்னு நினைச்சேன்."

திரும்பி வந்ததும் ஓரியெல்லா கேட்டில் நிறுத்தி ரிவர்ஸ் போட்டாள். கண்ணாடியில் எஞ்சின் மூடி. அதற்கு மேல் ஒரு கீற்று வானம். கழுத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் தகரம். எர்மெஸ் சொன்னது அத்தனையும் உண்மை. நாலடி நகர்ந்ததும் வியர்த்துப்போய் நிறுத்திவிட்டாள்.

"முடியாதும்மா. நீயே விடு."

ஸாயிரா இடம் மாறினாள். காரை நகர்த்துவதற்கு முன் அவள் செய்த முதல் காரியம் கதவைத் திறந்ததுதான். இருக்கையிலிருந்து எழும்பி, அகலமான கதவுப் படியில் உட்கார்ந்தாள். ஒரு கால் மிதியில், ஒரு கை ஸ்டியரிங்கில், உடம்பின் மேல்பாதி காருக்கு வெளியே. முகத்தைப் பின்னால் திருப்பிக்கொண்டு, தொட்டிகளிடமிருந்து தள்ளி, வண்டியை வழுக்கிக்கொண்டே கொண்டுபோய் நிறுத்தினாள்.

நேவியோ வாயைப் பிளந்தான். ஓரியெல்லா அசையவில்லை.

"யார் சொல்லிக்கொடுத்தது?"

"மாமாதான். கை காட்ட ஆள் இல்லாதப்போ இங்க எல்லாரும் இப்படித்தான் எடுப்போம். வேற வழியே..." ஸாயிரா பாதியில் நிறுத்தினாள். மெல்லத் திரும்பி மஞ்சள் காரைப் பார்த்தாள்.

"ஸ்ட்ரெச்சரை எந்த வழியா தூக்கிட்டுப் போனாங்க?"

"பட்டறைக்குள்ள புகுந்து முன்வாசல் வழியா. இந்தப் பக்கம் யாரும் வரல."

ஓரியெல்லா கயிற்றுக்கு அடியில் குனிந்து, மஞ்சள் காரின் கதவைக் கைக்குட்டையால் திறந்தாள். வெளிப்புறம் மழை கழுவிய பளபளப்பு. கதவின் உள்விளிம்பில், மூடினால் சட்டத்துக்குள் போய் ஒளிந்துகொள்கிற இடத்தில், செங்கல் நிறத்தில் ஒரு கீறல். விரலால் தொட்டாள். சுட்ட மண்ணின் பொடி.

மாலை நாலு மணிக்கு எல்லோரும் ஆபீஸ் அறையில் இருந்தார்கள். எர்மெஸ் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். ஓரியெல்லா அவனுக்கு இடப்புறம் வந்து நின்றாள்.

"சாவியைப் பிடிங்க" என்று சொல்லிக்கொண்டே வீசினாள்.

சாவி அவன் காதை உரசுவதுபோலப் போய்த் தரையில் விழுந்தது. மலைச் சாலையில் இருபது வருஷம் கார் ஓட்டிய மனிதன் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"இடது கண் எப்போலேர்ந்து தெரியல?"

எர்மெஸ் இப்போதுதான் தரையில் கிடந்த சாவியைப் பார்த்தான்.

"முதலாளி கண்டுபிடிச்சிட்டார். காலையில உங்ககிட்ட சொன்னார். மதியம் எல்லாருக்கும் சொல்லப்போறதா இருந்தார். சரிதானே?"

"அதுக்கும் இதுக்கும் என்ன மேடம்? நான்தான் சொன்னேனே. அந்தக் கார்ல பின்னாடி..."

"தெரியாது. உள்ள உக்காந்தா தெரியாது. ஆனா நீங்க உள்ள உக்காரல. கதவைத் திறந்து படியில உக்காந்து, பின்னாடியே பாத்துக்கிட்டு வந்தீங்க. மூடின கதவோட உள்விளிம்புல தொட்டி எப்படி உரசும்? உங்களுக்குத் தெரியற ஒரே கண்ணும் அவரையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. சுவர்ப் பக்கம் நீட்டிக்கிட்டிருந்த கதவு தொட்டியில மோதினது உங்களுக்குத் தெரியல. இலாரியோவை இடிச்சது விபத்து இல்ல எர்மெஸ். விபத்து அந்தத் தொட்டி மட்டும்தான்."

எர்மெஸ் குனிந்து சாவியை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"துரின்ல இனி ஸாயிரா ஓட்டட்டும்னார்" என்றான். "அன்பாத்தான் சொன்னார். தோள்ல கை போட்டுக்கிட்டு. அதான் தாங்கல. ரிவர்ஸ் எடுக்கறப்போ அவர் முதுகு தெரிஞ்சுது. நிறுத்தியிருக்கலாம். நிறுத்தல."

"மாமா" என்றாள் ஸாயிரா.

அப்போதுதான் மேசைமேல் போன் அடித்தது. ஸாயிரா பாய்ந்து எடுத்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து அம்மா. அவள் கேட்டாள், கண்ணை மூடினாள், மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"பிழைச்சிட்டார்" என்றாள். "கால் ரெண்டும் ஒடிஞ்சிருக்கு. ஆனா பேசறார்."

நேவியோ மேலே பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டான். ஸாயிரா மறுபடி ரிசீவரில் காது வைத்தாள். கேட்கக் கேட்க அவள் முகம் இறுகியது. ரிசீவரைக் கொண்டுபோய் எர்மெஸின் காதில் வைத்தாள்.

இலாரியோவின் குரல் மெலிந்திருந்தாலும் அறை முழுவதற்கும் கேட்டது. "போலீஸ்கிட்ட சொல்லும்மா. எர்மெஸை ஒண்ணும் பண்ண வேண்டாம். அவனுக்குக் கண்ணு சரியில்லைன்னு தெரிஞ்சும் இன்னிக்கு ஓட்டவிட்டது நான். தப்பு என்னோடது. பாவம், அவன் பயந்து போயிருப்பான்."

எர்மெஸ் ரிசீவரைத் தொடவில்லை. எழுந்து நின்று இரண்டு கைகளையும் ஓரியெல்லாவின் முன்னால் நீட்டினான்.

"அவர் மறுபடி பேசறதுக்குள்ள கூட்டிட்டுப் போயிருங்க மேடம்."