சிரிக்காமல் வந்தவர்

கயிற்றை அறுத்து வெகுநேரம் ஆகியும் ஜெய்சனின் கால் கட்டைவிரல்கள் இரண்டும் ஒன்றையொன்று விட்டுப் பிரியவில்லை.

ஆன்மேரி முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாகமலை புதுக்கோட்டையில் அவர்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் முன்கூடத்தில், சாய்வு நாற்காலியில், மனிதர் காலை நீட்டிக் கண்ணை மூடிப் படுத்திருந்தார். மேலே மின்விசிறி சுற்றியது. மடியில் பொரிகடலைத் தட்டு இருந்தது. சாயங்கால நேரத்தில் ஊரில் பாதிப் புருஷன்மார் இந்த நிலையில்தான் இருப்பார்கள். அவர்களை யாரும் பிணம் என்று சொல்லிவிடுவதில்லை.

"ஏங்க, காலைப் பிரிச்சு வைங்களேன். பாக்க ஒரு மாதிரியா இருக்கு."

"கட்டியிருக்குல்ல" என்றார் ஜெய்சன், கண்ணைத் திறக்காமல்.

அன்று மத்தியானம் அவர் பிணமாக இருந்தது உண்மைதான். காரணம் ஆன்மேரி. மிஷன் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்திக்கொண்டிருந்தவள், வேலையை விட்டுவிட்டு ஒரு தொலைக்காட்சிக் குற்றத் தொடருக்குக் கதை எழுத வந்திருந்தாள். சமயநல்லூரில் ரைஸ் மில் வைத்திருக்கும் முத்திருளன் என்பவர் முதல் காட்சியிலேயே தன் வீட்டுக்குள் செத்துக் கிடக்கிறார். கொன்றது யார் என்பது மர்மம். அது ஆன்மேரிக்கும் தெரியாது என்பதால் கலப்படம் இல்லாத மர்மம்.

"செத்தவன் சும்மா செத்துக் கிடந்தா பத்தாது டீச்சர்" என்று இயக்குநர் உக்கிரபாண்டி சொல்லியிருந்தார். "வாழைப்பூ மாதிரி, மடலைத் தூக்கத் தூக்க உள்ள இன்னொண்ணு இருக்கணும். கடைசி மடல்ல கொன்னவன் இருக்கணும்."

அவளும் ராப்பகலாக மடல் செய்துகொண்டிருந்தாள். மனைவியை இழந்தவர், கோபக்காரர், தவிட்டுக்குக்கூடக் கணக்குப் பார்ப்பவர் என்று முத்திருளனுக்கு மூன்று மடல் வந்தது. நான்காவது வராமல் அடம்பிடித்தது.

பிணமாகப் படுக்க வேண்டியவர் கண்ணுச்சாமி. மதுரை வட்டாரத்தில் எந்தத் தொடரில் சாவு விழுந்தாலும் அவர்தான். மூக்கின் மேல் ஈ உட்கார்ந்தாலும் அசைய மாட்டார், அப்படி ஒரு தொழில் பக்தி. அன்றைக்குப் பார்த்து பிணத்துக்கு உடம்பு சரியில்லை என்று செய்தி வந்துவிட்டது. மனைவிக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுவந்த ஜெய்சனை, ஆள் வாட்டசாட்டமாக இருக்கிறாரே என்று பிடித்துப் பெஞ்சில் படுக்கவைத்தார்கள். நெற்றியில் ஒரு நாணயம், கழுத்தில் மாலை, கால் விரல்களில் கயிறு. பிரமாதமாகச் செத்திருந்தார்.

அங்கேதான் தவறு நடந்தது. பிணமாகப் படுத்தவர் எழுந்ததும் கேமராவைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிக்க வேண்டும், அதையும் படம் பிடிப்பார்கள், அதன்பிறகுதான் வீட்டுக்கு. கேமரா அவரைக் கடைசியாகப் பார்த்தது சாவுக்கோலத்தில் இருக்கக் கூடாது என்பது அந்தத் தொழிலின் வழக்கம். கலைப்பிரிவில் தலை நரைத்த பேச்சிமுத்து ஓடிவந்து ஞாபகப்படுத்தினார்.

"சாரு ஒரு சிரிப்புச் சிரிச்சிட்டுப் போகட்டும் டீச்சர்."

"நாங்க வேதக்காரங்க அண்ணே. இந்தச் சாங்கியமெல்லாம் எங்களுக்கு ஒட்டாது. குழம்பு ஆறுது, எந்திரிங்க" என்று சொல்லி, கால் கயிற்றைத் தானே கத்தரியால் வெட்டி, புருஷனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

இப்போது முன்கூடத்தில் ஒரு வாசனை. மாலையும் பன்னீரும் சட்டையோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கும் என்று நினைத்தாள். ஆனால் அதற்கும் அடியிலிருந்து, நெல் அவிக்கும்போது எழும் புழுங்கல் ஆவியும், சூடான தவிடும், இயந்திரத்தில் தேயும் தோல்வாரின் கருகலும் சேர்ந்து, மின்விசிறி எவ்வளவு சுற்றியும் கலையாமல், ஜெய்சன் மூச்சு விடும்போது மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடத்துக்குள் வந்துகொண்டிருந்தது. படப்பிடிப்பு நடந்த பழைய மில் வீட்டில் நெல் அவித்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

ராத்திரி சாப்பிட உட்கார்ந்தார்கள். ஜெபம் செய்யாமல் ஜெய்சன் சோற்றில் கைவைத்ததை அவள் அன்றுதான் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து, பரோட்டாக் கடையில்கூட, கண்ணை மூடாமல் அவர் ஒரு வாய் வைத்ததில்லை.

"என்னங்க, பசியா?"

"தங்கச்சியப் பத்தி ஏன் எழுதல?" என்றார் அவர்.

"யாரு தங்கச்சி? உங்களுக்கு ஏது தங்கச்சி?"

"நாகஜோதி. நிலம் கை மாறிப் போயிரும்னு கெட்டிக்குடுக்காமயே வீட்ல வச்சிருந்தேன்ல. அதை விட்டுட்டு என்னத்த எழுதுற?"

சோற்றுக் கரண்டி அவள் கையில் அப்படியே நின்றது. புறங்கழுத்தில் குளிர் ஏறியது. ஆனால் அவள் எழுத்தாளர். குளிர் இடுப்புக்கு இறங்குவதற்குள் நான்காவது மடல் கிடைத்துவிட்டது என்ற சந்தோஷம் முந்திக்கொண்டது. எச்சில் கையைக் கழுவாமல் இடது கையாலேயே போனில் தட்டி உக்கிரபாண்டிக்கு அனுப்பினாள். அடுத்த நிமிஷம் அழைப்பு வந்தது.

"டீச்சர்! தங்கச்சி! எங்க இருந்து பிடிச்சீங்க இத? இம்புட்டு நாளா இதைத்தான தேடுனோம்!"

அவளுக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. அடுப்படிக்கும் கூடத்துக்குமாக நடந்தாள். மறுநாள் காலையிலும் நடந்துகொண்டிருந்தாள். ஜெய்சன் பள்ளிக்கூட அலுவலகத்துக்குப் போகவில்லை. அதே நாற்காலியில் இருந்தபடி ஒவ்வொன்றாகச் சொன்னார். இடது காதில் மில் சத்தம் ஏறிச் செவிடானது. தங்கச்சியைப் பெண் கேட்டு வந்தவனை நெல் குதிருக்குள் தள்ளிப் பூட்டியது. அவன் உள்ளிருந்து தட்டத் தட்ட, வெளியே உட்கார்ந்து இட்லி தின்றது. அவள் எல்லாவற்றையும் எழுதினாள். எழுதி முடித்துவிட்டு இடது பக்கமாக நின்று, "ஏங்க" என்று கூப்பிட்டாள்.

அவர் திரும்பவில்லை.

"ஏங்க! ஜெய்சன்!"

திரும்பவில்லை. வலப்பக்கம் வந்து கூப்பிட்டாள். திரும்பினார். நல்ல பிள்ளையைப் பார்ப்பதுபோல் அவளைப் பார்த்தார். கையைத் தொட்டாள். மண்பானையின் அடிப்பகுதி மாதிரி சில்லென்றிருந்தது.

அப்போது போன் அடித்தது. கண்ணுச்சாமி.

"தாயி, மன்னிச்சுக்கங்க. நேத்து காச்சல்ல எந்திரிக்க முடியல. நமக்குப் பதிலா சாரு படுத்தாராமே? நல்லாச் செத்தாருன்னு பேச்சிமுத்து சொன்னான். நல்லாச் சிரிச்சாருல்ல?"

அவள் நாற்காலியில் ஒட்டிக்கிடந்த கால் கட்டைவிரல்களைப் பார்த்தாள்.

"சிரிக்கலையா?"

"அண்ணே... என்ன செய்யணும்?"

"நானும் எம்புட்டோ தடவ செத்திருக்கேன். சிரிக்காம ஒரு நாளும் வீட்டு வாசப்படிய மிதிச்சதில்ல. நம்ம மேல ஏறி உக்காந்தவன் எறங்கணும்ல? மறுபடி அதே எடத்துல படுக்க வச்சு, எழுப்பி, கேமராவுக்கு முன்னால சிரிக்க வைங்க. சீக்கிரம் செய்யுங்க. ஆனா ஒண்ணு தாயி. படுத்தவருதான் சிரிக்கணும். ஏறுனவன் சிரிச்சிட்டான்னா எந்திரிச்சுப் போறது அவனாப் போயிரும்."

ஒரு சிரிப்பு. அவ்வளவுதான் வேண்டும். புருஷன் திரும்ப வர அவ்வளவு போதும். அவள் உக்கிரபாண்டிக்கு அழைத்துக் கெஞ்சினாள். அவர் வேறு ஒரு கவலையில் இருந்தார்.

"தாராளமா எடுத்துருவோம் டீச்சர். சாயங்காலம் சுடுகாட்டு சீனுக்கு யூனிட்டு மில் வீட்டுக்குத்தான வருது. ஆனா சேனல்காரன் கழுத்துல உக்காந்திருக்கான். கொன்னது யாருன்னு சொல்லாம கேமராவைத் தூக்காதங்கிறான். நீங்க கடைசி மடலக் குடுங்க, நான் சிரிப்பு எடுத்துத் தாரேன்."

"யாரையாவது போட்டுக்கங்களேன்! வேலைக்காரன்னு வச்சுக்கங்க!"

"வேலைக்காரனா? ஏன், வில்லன் கெடைக்கலைன்னா நாயி கடிச்சதுன்னு வைப்போமா? உருப்படியாச் சொல்லுங்க."

அவள் சுவரைப் பார்த்து நின்று யோசித்தாள். ஒன்றும் வரவில்லை. கையாலாகாமல், அழுகையோடு, நாற்காலிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு அவருடைய வலது காதில் கேட்டாள்.

"உங்களைக் கொன்னது யாரு?"

ஜெய்சனின் முகத்தில் ஏதோ ஒன்று பதறியது. ஒரு கண இடைவெளியில், ரொம்ப ஆழத்திலிருந்து, அவளுடைய புருஷனின் குரல் வந்தது. "மேரி, எழுதாத. அதையும் எழுதிட்டா அவன் முழுசா ஆயிருவான்."

அப்புறம் அந்தக் குரல் போய்விட்டது.

"நாகஜோதிதான்" என்றது மற்றக் குரல், சாவகாசமாக. "பால்ல கலந்து குடுத்தா. கசந்துச்சு. தெரிஞ்சேதான் குடிச்சேன். எழுதிக்க தாயி."

அவள் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழுதினால் அவன் முழுசாவான். எழுதாவிட்டால் கேமரா வராது, சிரிப்பு இல்லை, நாற்காலியில் இருக்கும் இது இப்படியே இருக்கும். முழுசானாலும் உள்ளே ஜெய்சன் இருக்கத்தானே செய்கிறார், அவர் சிரித்துவிட மாட்டாரா, எவ்வளவு சிரிப்பான மனுஷன் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். எழுதினாள். அனுப்பினாள்.

உக்கிரபாண்டி கைதட்டும் படத்தை வரிசையாக அனுப்பியிருந்தார்.

பொழுது சாயும் நேரத்துக்கு மில் வீட்டு முற்றத்தில் எல்லாம் தயாராக இருந்தது. பச்சை மூங்கிலும் தென்னங்கீற்றுமாகப் பாடை கட்டி, சம்பங்கி சுற்றி வைத்திருந்தார்கள். சுடுகாட்டில் எரிப்பதற்காக வைக்கோல் திணித்து வெள்ளைத் துணி சுற்றிய பொம்மை ஒன்று சுவரில் சாய்ந்திருந்தது.

"பெஞ்ச எடுத்துட்டோம். சாரு பாடையிலயே படுத்துக்கட்டும்" என்றார் பேச்சிமுத்து. "முகத்துக்கு ஒரு குளோசப்பும் கேட்டாரு டைரக்டரு. தாடைக்கட்டு ஒண்ணு போட்டுக்கிறேன் டீச்சர்."

வெள்ளைத் துணியைத் தாடைக்கு அடியில் கொடுத்து, உச்சந்தலையில் இறுக்கி முடிச்சுப் போட்டார். ஜெய்சன் படுத்திருந்தார். ஆன்மேரி குனிந்து, "ஏங்க, நான் சொன்னதும் சிரிங்க. நீங்க சிரிங்க. நீங்கதான் சிரிக்கணும்" என்றாள். மூடிய இமைக்குள் கண்மணி அங்குமிங்கும் ஓடியது.

குளோசப் எடுத்தார்கள்.

"ம், இப்பச் சிரிங்க சாரு!" என்றார் உக்கிரபாண்டி.

மில்லின் தகரக் கூரையில் புறாக்கள் சட்டென்று கத்துவதை நிறுத்தின. ஜெனரேட்டர் சத்தம் எங்கோ தூரத்துக்குப் போனது. அவர் எழுந்து உட்கார்ந்தார். கேமராவைப் பார்த்தார். சிரித்தார்.

அப்படியொரு சிரிப்பு. வாய் நிறைய. பல் அத்தனையும் தெரிய. கடைவாய்ப் பல் வரைக்கும். தாடைக்கட்டு எப்போது அவிழ்ந்தது என்று யாரும் கேட்கவில்லை. எல்லாரும் கைதட்டினார்கள். ஒரு விளக்குக்காரர் விசில்கூட அடித்தார். ஆன்மேரி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அவர் இறங்கி நடந்து வந்தார். அவள் கையைப் பிடித்தார். கை சுட்டது. சுகமான, உயிருள்ள சூடு. நேற்றிலிருந்து அவள் ஏங்கிய சூடு.

"அப்பாடா" என்றாள்.

"போலாமா தாயி?" என்றார் அவர்.

தவிட்டு வாசனை.

அவள் திரும்பினாள். பாடையைப் பார்த்தாள்.

பாடை காலியாக இல்லை.

"நேரமாச்சு, தூக்குங்கய்யா!" உக்கிரபாண்டி கத்தினார். "வெளிச்சம் போகுது. பொம்மைய வச்சாச்சுல்ல?"

"வச்சுத்தான் கெடக்கு!"

நாலு பேர் தோள் கொடுத்தார்கள். வைக்கோல் பொம்மை சுவரில் சாய்ந்தபடியே இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். பாடையைப் பார்த்தாள். பொம்மையைப் பார்த்தாள்.

"என்னாய்யா இது, இம்புட்டுக் கனக்குது" என்றார் பேச்சிமுத்து, மூச்சு வாங்க. "வைக்கோல நனைச்சிட்டீங்களா? நனைஞ்சா எப்படி எரியும்?"

"மண்ணெண்ணெய நல்லா ஊத்துங்க அண்ணே, எரியும்."

கத்த வாயைத் திறந்தாள். அவள் கையைப் பிடித்திருந்த சூடான கை தோள் வழியாக மெதுவாக ஏறி அவள் வாயை மூடியது. அன்பாகத்தான் மூடியது.

பாடை அவளைக் கடந்து போனது. சம்பங்கிக்கு நடுவில் ஜெய்சனின் முகம். கண் திறந்திருந்தது. அவளைப் பார்த்தது. அவள் சொன்னதைச் செய்ய முயன்றுகொண்டிருந்தார். கன்னம் துடித்தது. உதட்டின் ஓரம் மேலே இழுத்தது. தாடைக்கட்டு விடவில்லை. மறுபடி இழுத்தது. முடிச்சு இறுகியது.

வாசலைத் தாண்டும்வரை சிரிக்கப் பார்த்தார்.