ஐந்தாம் இருக்கையின் எடை

ஜெயபாய் மேசைமேல் வைத்துச் சட்டையைப் பிரித்தாள். மடிப்பிலிருந்து ஒரு பல் உருண்டு வந்து பட்டாபியின் வெற்றிலைத் தட்டில் விழுந்தது.

"சிவ சிவா!" என்று பட்டாபி துள்ளி எழுந்தார். இன்ஷூரன்ஸ் ஏஜெண்டாகப் பதினைந்து வருஷம் ஊராருக்குச் சாவை எடுத்துச் சொல்லியே பிழைத்தவர்தான். ஆனாலும் அந்தப் பல் விழுந்த தட்டை அவர் மறுபடி தொடவில்லை.

"எங்க வீட்டு ஆளுக்க பல்லு" என்றாள் ஜெயபாய். "துவைச்சுக் கொண்டு வான்னு சட்டையைக் குடுத்தானுவ. மூணு நாளா அடிக்கானுவ. கொன்னேன்னு கையெழுத்துப் போடணுமாம். போட்டா தூக்கு. போடல்லேன்னா அடியிலேயே சாவு. பிள்ளைச் சாரே, நீங்க போலீசுல இருந்தவரு. அவிய ஒரு கோழிகூட அறுக்க மாட்டாவ."

கோமதிநாயகம் பிள்ளை அந்தப் பல்லை ஒரு காகிதத்தில் பொதிந்து அவள் கையிலேயே கொடுத்தார். சர்க்கிள் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். ஆரியசாலையில் அரிசி மண்டிக்கு மேலே குடியிருந்தார். அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. குடையை எடுத்துக்கொண்டு, "வாரும் சாமி" என்றார் பட்டாபியிடம். அவர் கூப்பிடும் முன்பே பட்டாபி வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்பது, வைகாசி நடுவில் தொடங்கும் இடவப்பாதி மழை ஒரு வாரமாக விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. சங்குமுகத்தில் புதிதாக வந்த விமானக் கம்பெனி, பழைய விமானம் ஒன்றை வாங்கிப் பயணிகளுக்காகச் செப்பனிட்டு வந்தது. அதன் உட்புறத்தை வகுத்து இருக்கைகளை வரைந்து செய்விப்பவர் ஜெயபாயின் புருஷன் ஞானையன். பம்பாயில் கற்றுக்கொண்ட வேலை. ஓர் இருக்கையின் அகலம் கூடினால் நடைவழி குறையும், கனம் கூடினால் சரக்கு குறையும். ஆகவே ஒவ்வொன்றையும் தராசில் நிறுத்தி, எடையைச் சட்டத்தின் அடியில் சாக்பீஸால் எழுதி வைப்பார்.

செவ்வாய்க்கிழமை மதியம் விமானி அருமைநாயகம் கம்பெனியின் பட்டறைக் கொட்டகைக்குள் மண்டை பிளந்து கிடந்தார். அவர் தலையை மடியில் தாங்கியபடி, உடம்பெல்லாம் ரத்தமாக ஞானையன் உட்கார்ந்திருந்தார். முந்தின நாள்தான் இருவரும் ஊர் கேட்கச் சண்டை போட்டிருந்தார்கள். போலீசுக்கு அது போதும்.

இன்ஸ்பெக்டர் நீலகண்டன் ஒரு காலத்தில் பிள்ளையிடம் வேலை பழகியவர். அதனால் லாக்கப் கதவு திறந்தது. ஞானையனின் வலது கை முழங்கைவரை வீங்கியிருந்தது. இரண்டு விரல்கள் கோணல்மாணலாக நின்றன. பட்டாபி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சண்டை எதுக்கு?" என்றார் பிள்ளை.

"சீட்டுக்குள்ள என்ன திணிச்சிருக்குன்னு பாக்க, அவரு கத்தியால தோலைக் கீறினாரு. கையை வெட்டிப் போடுவேன்னு சொன்னேன், சாரே. சொன்னது நெசம். ஆனா அப்பமே அவரு என் தோளுல கையைப் போட்டு, 'நல்லாத்தான் செஞ்சிருக்கே ஞானையா. எட்டு சீட்டுதான். பத்துன்னா நான் ஓட்டமாட்டேன், மேலிடத்துக்கு எழுதிப் போடுவேன்'னாரு."

"பத்து கேட்டது யாரு?"

"மானேஜர் ராமசுப்ரமணியன். அவசரக் கதவை அடைச்சு ரெண்டு கூடப் போடணுமாம். தீப்பிடிச்சா பத்துப் பேரும் உள்ளயே வெந்து போவாவ." ஞானையன் ரத்தத்தை விழுங்கிவிட்டுத் தொடர்ந்தார். "சாரே, ஒரு உபகாரம். மழை விடாம சீட்டை எடை போட்டு மாட்டிரப்படாதுன்னு சொல்லுங்க. சாக்பீஸ்ல எழுதினது மழைக்கு முந்தின எடை. உள்ள திணிச்ச தேங்காய் நாரு ஈரம் குடிக்கும். எங்க பட்டறையில எல்லாருக்கும் தெரியும், ஆபீசுல ஒருத்தருக்கும் தெரியாது."

வெளியே வந்ததும் பட்டாபி பொருமினார். "உசிரு ஊசலாடறது, இந்த மனுஷனுக்கு நாற்காலிக் கவலை! பாத்தேளா பிள்ளைவாள்?"

பிள்ளை குடையை விரித்துக்கொண்டு முன்னால் இறங்கினார். அவர் நடையில் வேகம் கூடியிருந்தது.

மறுநாள் காலை, போலீஸ் முத்திரையை உடைத்துக் கொட்டகையைத் திறந்தார்கள். பிள்ளை கேட்டபடி ஞானையனை விலங்கோடு கொண்டுவந்திருந்தார் நீலகண்டன், பின்னாலேயே ஜெயபாய். மானேஜர் வெள்ளைக் கோட்டில் மடிப்புக் கலையாமல் நின்றார். தரையில் ரத்தம் கறுத்துக் கிடந்தது. ஈக்கள் மொய்த்தன.

"அடிச்ச ஆயுதத்தைக் காணலே சார்" என்றார் நீலகண்டன். "கிணத்தை இறைச்சாச்சு, மணலைத் தோண்டியாச்சு. ஞானையன் அறையிலேருந்தும் மானேஜர் அறையிலேருந்தும் உள்ளே வரக் கதவு இருக்கு. வேலைக்காரா எல்லாரும் வாசல் சாய்ப்பில மழைக்கு ஒதுங்கிச் சாப்பிட்டுண்டிருந்தா. அவா கண்ணுல படாம ஒரு ஊசியைக்கூட வெளியே கொண்டு போயிருக்க முடியாது. அவா சத்தம் போட்டதும் நாங்க ஓடி வந்து எல்லாரையும் சோதிச்சு, அப்பவே பூட்டி சீல் வச்சாச்சு."

கொட்டகை பெருக்கும் பொன்னம்மை இடுப்பைப் பிடித்தபடி முனகினாள். பிள்ளை என்னவென்று கேட்டார்.

"அண்ணைக்கு அந்தியில மானேஜர் சாருக்க காரை ரோடு வரை தள்ளினோம், ஏமானே. சகதி. இடுப்பு போச்சு."

"மழையில எஞ்சின் நனைஞ்சுபோச்சு" என்றார் மானேஜர்.

பிள்ளை தலையாட்டிவிட்டுத் தராசைக் காட்டினார். "எட்டு சீட்டையும் நிறுக்கணும். சாமி, நீர் எழுதும்."

பட்டாபிக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஆயுதம் ஒளிந்திருக்கும் இருக்கை கனமாக இருக்கும் என்று அவர் கணக்குப் போட்டார். எட்டிலும் சாக்பீஸ் எழுத்து இருபத்திரண்டு ராத்தல். முதல் இருக்கை இருபத்திரண்டரை நின்றதும், "இதுதான்!" என்று கத்தினார். இரண்டாவதும் இருபத்திரண்டரை. மூன்றாவதும் நான்காவதும் அப்படியே. பட்டாபியின் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. ஐந்தாவது மட்டும் சொல்லி வைத்தாற்போல் இருபத்திரண்டு. மற்ற மூன்றும் மறுபடி இருபத்திரண்டரை.

"ஐந்தாவது ஒண்ணாவது சரியா இருக்கே" என்று சிரித்தார் மானேஜர். "மத்ததெல்லாம் ஞானையன் லட்சணம்."

"அந்த ஒண்ணுதான் தப்பு" என்றார் பிள்ளை. "ஒரு வாரமா மழை. ஏழு சீட்டும் ஈரம் குடிச்சு அரை ராத்தல் ஏறியிருக்கு. இது மட்டும் ஏன் குடிக்கல்லே? உள்ளே நாருக்குப் பதிலா வேற ஏதோ இருக்கு. அதை வச்சவர், அருமைநாயகம் கீறின இடத்து வழியா திணிச்சு, சாக்பீஸ் எழுத்தைப் பாத்து, அந்த எடை வரும்வரைக்கும் நாரைப் பிடுங்கியிருக்கார். பிடுங்கினது அந்த மூலையில கிடக்கிற நார்க் குவியலோட கலந்துபோச்சு. நீலகண்டா, அந்த முதுகுத் திண்டைக் கிழி."

தோல் கிழிந்தது. நாருக்கு நடுவிலிருந்து கார் எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் இரும்புக் கைப்பிடி வந்தது. அதன் முனையில் மயிரும் தோலும் காய்ந்து ஒட்டியிருந்தன. பட்டாபி வாயைப் பொத்திக்கொண்டார்.

"என்னோட கைப்பிடிதான்!" என்று மானேஜர் முந்திக்கொண்டார். "யாரும் திருடிப் போகாம இருக்க அறையிலே வச்சிருந்தேன். இந்தப் படுபாவி எடுத்து அடிச்சிருக்கான்!"

"அப்படீன்னா காணாமப் போச்சுன்னு மூணு நாளா ஏன் சொல்லல்லே? கைப்பிடி இல்லாததால காரை ஆள் வச்சுத் தள்ளினீரு. எஞ்சின் நனைஞ்சதுன்னு பழியை மழைமேல போட்டீரு." பிள்ளையின் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "ஞானையன் ஒளிச்சிருந்தா மத்த சீட்டு மாதிரி இருபத்திரண்டரை வச்சிருப்பார். நார் ஈரம் குடிக்கும்னு இந்தப் பட்டறையில பெருக்கறவளுக்குக்கூடத் தெரியும். தெரியாதவர் ஆபீஸ்காரர். எழுதின நம்பரை மட்டும் நம்பறவர். செவ்வாய்க்கிழமை அருமைநாயகம் மேலே எழுதப்போறதா உம்மகிட்டயே சொல்லியிருப்பார். கையில கிடைச்ச இந்தக் கைப்பிடியால அடிச்சீரு. சீல் உடைச்சதும் எடுத்துக்கலாம்னு காத்திருந்தீரு."

மானேஜரின் முகம் வெளுத்தது. அடுத்த நொடி தோல் அறுக்கும் கத்தி அவர் கையில் இருந்தது. "எட்டு! எட்டு! உன்னாலதாண்டா எல்லாம்!" என்று கூவிக்கொண்டு ஞானையன்மேல் பாய்ந்தார். குறுக்கே வந்த பிள்ளையின் முழங்கை கிழிந்து ரத்தம் தெறித்தது. பட்டாபி குடையை ஓங்கினார். அது உத்தரத்தில் மாட்டிக்கொண்டது. ஞானையன் ஒதுங்கவில்லை. விலங்கிட்ட இரண்டு கைகளையும் சேர்த்துத் தூக்கி, இரும்போடு மானேஜரின் வாயில் அறைந்தார். எலும்பு முறியும் சத்தம் எல்லாருக்கும் கேட்டது. மானேஜர் விழுந்த பிறகும் ஞானையன் மறுபடி அறைந்தார். மூன்றாவது அடிக்கு நான்கு போலீஸ்காரர்கள் அவரைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

நீலகண்டன் விலங்கைக் கழற்றினார். கோணிய அந்த இரண்டு விரல்களையும் இப்போதுதான் பார்ப்பவர்போலப் பார்த்தார். "தப்பு நடந்துபோச்சு, ஞானையன்" என்றார். "ஆஸ்பத்திரிக்கு வண்டி சொல்றேன்."

"இந்தக் கையாலதான் அவிய படம் வரைவாவ" என்றாள் ஜெயபாய்.

அவள் முன்னால் வந்தது யாருக்கும் தெரியவில்லை. இன்ஸ்பெக்டரின் கன்னத்தில் விழுந்த அறை தகரக் கூரையில் எதிரொலித்தது. ஒரு கான்ஸ்டபிள் தடியை ஓங்கினான். பட்டாபி கண்ணை இறுக மூடிக்கொண்டார். திறந்தபோது நீலகண்டன் கன்னத்தைப் பிடித்தபடி, மற்றக் கையால் அந்தத் தடியைத் தடுத்து நின்றார்.

"தொடாதே" என்றார். "வழியை விடு."

ஜெயபாய் புருஷனின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டு, வண்டிக்குக் காத்திராமல் மழைக்குள் இறங்கி நடந்தாள்.