ஆலை வாசலில் கொடுத்த குப்பி

ஓய்வு பெறுவதற்குள் எவரிஸ்தோ ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் பரிசோதித்த மூத்திரத்தையெல்லாம் சேர்த்து ஊற்றியிருந்தால் மொமோதோம்போ எரிமலையே அணைந்து போயிருக்கும். அதனால் எல் கொயோலார் கிராமத்தில் யாருக்கு என்ன மர்மம் முளைத்தாலும் போலீஸுக்கு முன்னால் அவர் கதவைத்தான் தட்டுவார்கள். அன்று காலை தட்டியவள் நூபியா.

"ஐயா, என் வீட்டுக்காரருக்கு விஷம் வெச்சுட்டாங்க. என் கொழுந்தன் தெல்வின் வேலைதான். கரும்புக் காட்டுல தினமும் அவன்தான் அவருக்குச் சோளமாவுல பினோலியோ கலக்கிக் குடுக்கிறான்."

கரும்பு வெட்டும் நிகனோர் நான்கு நாளாக வாந்தி எடுக்கிறான், கால்கள் வீங்கிவிட்டன. மூத்திரத்தில் புரதம் வந்தால் சிறுநீரகம் கெட்டது என்று அர்த்தம்; அப்படிப்பட்டவனைச் சர்க்கரை ஆலை வேலைக்கு எடுக்காது. நிகனோரோ மூன்று வாரத்துக்கு முன்புதான் ஆலை வாசலில் மூத்திரத்தைக் குப்பியில் பிடித்துக் கொடுத்துத் தேறியவன். நூபியா ஆலை கொடுத்த சீட்டை நீட்டினாள்: 'புரதம் இல்லை. சர்க்கரை மிக அதிகம். எடுக்கலாம்.'

"எலி மருந்துதான்!" என்றாள் சோய்லா. மோட்டார்சைக்கிள் டாக்சி ஓட்டுபவள். எவரிஸ்தோவின் துப்பறிதலுக்குச் சம்பளமில்லாத உதவியாள்.

"உன் கோழி செத்தப்பவும் இதையேதான் சொன்னே. வண்டியை எடு."

வீட்டில் நிகனோர் கயிற்றுத் தூளியில் கிடந்தான். எவரிஸ்தோ அவனிடம் ஒரு குப்பியில் வாங்கிப் பரிசோதனைத் தாளை முக்கினார். புரதம் காட்டும் மஞ்சள் கட்டம் பச்சையானது. எல்லோரும் பார்த்தார்கள். சர்க்கரைக் கட்டம் அசையவில்லை.

பிறகு கொல்லைக்குப் போனார். கொய்யா மரத்தடியில் நாட்டு ராணுவமே தோற்றுப்போகும் எறும்புப்படை. நாலடி தள்ளி நின்ற மாமரத்தடியில் ஒன்றுகூட இல்லை. திரும்பி வருவதற்குள் தெல்வின் மூன்றாவது செம்புத் தண்ணீரைக் காலி செய்துகொண்டிருந்தான்.

"என்ன அண்ணி, அப்படிப் பாக்கறீங்க? ஏரியை மிச்சம் வைப்பேன், பயப்படாதீங்க."

"குடிடா, குடி. செஞ்ச பாவத்துக்குத் தொண்டை வறளத்தான் செய்யும்."

எவரிஸ்தோ எல்லோரையும் தூளியைச் சுற்றி உட்கார வைத்தார்.

"சீட்டுல சர்க்கரை கொட்டிக் கிடக்கு. நிகனோர்கிட்ட துளி சர்க்கரை இல்ல, புரதம் மட்டும்தான். நிகனோர், மூத்திரத்துல நுரை எப்பலேர்ந்து வருது?"

"ரெண்டு வருஷமா," என்றான் நிகனோர்.

"அப்ப குப்பியில இருந்தது யாரோடது?" சோய்லா துள்ளினாள்.

"சர்க்கரை இருக்கிற இடத்தை எறும்பு காட்டிக் குடுத்துடுச்சு. கொய்யா மரத்தடியில ஒண்ணுக்குப் போறது யாரு?"

தெல்வின் செம்பைக் கீழே வைத்தான். "அண்ணன் கெஞ்சுச்சு, ஐயா. நான்தான் கல்லு மாதிரி இருக்கேனேன்னு குடுத்தேன்."

"கல்லா? உனக்குச் சர்க்கரை வியாதி, தம்பி. ஆலைக்காரன் புரதத்தை மட்டும்தான் பார்த்தான். சர்க்கரை அவனுக்குப் பழகின சரக்குதானே!"

"அப்ப விஷம்?" என்றாள் நூபியா.

"யாரும் வைக்கல. வெயில்ல தண்ணியில்லாம வெட்டி வெட்டிச் சிறுநீரகம் வதங்கிடுச்சு. உடம்பு தினமும் வெளியே தள்ளவேண்டிய அழுக்கெல்லாம் ரத்தத்துலயே தங்கிப்போச்சு. இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ, உயிர் தங்கும். அண்ணன் தம்பி ரெண்டு பேரும் இனிமே காட்டுப் பக்கம் போகக்கூடாது."

நூபியா கொழுந்தனைப் பார்த்தாள். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. எழுந்து கொல்லைக்குப் போய் ஒரு குப்பியோடு திரும்பினாள்.

"இதையும் பாருங்க. திங்கக்கிழமை ஆலையில ஆள் எடுக்கறாங்க."

"நீயா வெட்டப் போறே?"

"வேற யார் மிச்சம் இந்த வீட்டுல?"

எவரிஸ்தோ தாளை முக்கினார். சோய்லா முதல்முறையாக எதையும் ஊகிக்கவில்லை. ஒரு நிமிஷம் போனது.

"கெட்டிருக்கு," என்றார் எவரிஸ்தோ. முப்பது வருஷத்தில் அவர் சொன்ன முதல் தப்பான முடிவு அது.

நூபியா தாளை அவர் கையிலிருந்து வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.

"அவரோடது பச்சையாச்சே, ஐயா. இது மஞ்சளாவேதானே இருக்கு."

கூரையில் செருகியிருந்த நிகனோரின் வெட்டுக்கத்தியை உருவிக்கொண்டு, தீட்டுக்கல்லைத் தேடப் போனாள்.