விளக்கு எரிந்த பின் ஓடிய தூரம்

காரின் மீட்டரில் எஞ்சின் வடிவ மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சாவியைத் திருப்பிய கையை எடுக்க மறந்து செந்தில்நாதன் அதையே பார்த்தான். அந்த விளக்கின் பல்பை எட்டு மாதத்துக்கு முன்பு அவனே பிடுங்கி எறிந்திருந்தான்.

"எரியுதேண்ணா" என்றாள் பின்சீட்டிலிருந்து தங்கை சொர்ணலதா. "அன்னைக்கு ஏன் எரியல? அத மட்டும் பாத்துச் சொல்லு. அப்புறம் வண்டிய உடைக்கக் குடுத்துறலாம்."

மாலை நான்கு மணிதான். ஆனால் தேவராஜ மொஹல்லாவின் பின்சந்தில் இருந்த அவன் ஷெட்டுக்குள் மழை இருட்டு கட்டியிருந்தது. தகரக் கூரையில் மழை இரைய, மார்க்கெட்டின் அழுகிய கோஸ் வாடையும் பழைய ஆயில் வாடையும் காருக்குள் நுழைந்ததும் வேறொன்றாக மாறின: பிள்ளைப் பவுடர், ஈரத்துணி, கரிப்புகை.

புகையைச் சுத்தம் செய்யும் கன்வர்ட்டர் அடைத்ததால்தான் முதலில் அந்த விளக்கு எரிந்தது. சொர்ணலதாவின் கணவன் பரத்துக்குப் புதிது வாங்கக் கட்டுப்படியாகவில்லை. "விளக்கு அணைஞ்சாப் போதும் மச்சான்" என்றான். செந்தில்நாதன் குழாயை அறுத்து, உள்ளேயிருந்த தேன்கூட்டுக் கல்லைத் தோண்டி எடுத்துவிட்டு, வெறும் டப்பாவைத் திரும்ப வெல்டிங் வைத்தான். அப்படியும் விளக்கு அணையாததால் பல்பைப் பிடுங்கினான். கல்லைக் காயலான் கடையில் போட்ட காசில்தான் மருமகன் யுவனுக்குக் கடுக்கன் வாங்கினான். தாய்மாமன் சீர். காதுகுத்தில் ஊரே மெச்சியது.

ராமாபுரத்தில் காது குத்தித் திரும்பும் வழியில் மரம் விழுந்து பாதை அடைபட்டது. மழைக்குக் கண்ணாடியை ஏற்றி, ஏசியைப் போட்டுக்கொண்டு அப்பாவும் பிள்ளையும் தூங்கினார்கள். வெல்டிங் விட்டு, புகை உள்ளே கசிந்துகொண்டிருந்தது. பெண்களோடு பின்னால் பஸ்ஸில் வந்த சொர்ணலதா கார்க் கதவைத் திறந்தபோது எஞ்சின் மட்டும்தான் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. குழாய் துருப்பிடித்துவிட்டது என்று போலீஸில் எழுதிக்கொண்டார்கள்.

மூன்று மாதமாக அவன் பிசைந்து கொடுத்தால்தான் அவள் சாப்பிடுகிறாள். அவளுக்கு மிச்சமிருப்பது அவன் ஒருவன்தான். அவளுக்குத் தெரியவே கூடாது.

காரின் கோளாறு காட்டும் ஸ்கேனரைச் செருகினான். திரையில் முதலில் வந்தது, விளக்கு எரிந்த பின் ஓடிய தூரம்: 1,914 கிலோமீட்டர். பல்ப் இல்லாவிட்டாலும் காரின் கம்ப்யூட்டர் கணக்கு வைத்திருந்தது. அவள் எட்டிப் பார்த்துப் படித்துவிட்டாள்.

"அப்ப எரிஞ்சிருக்கு, ஹௌதா, அப்பிடித்தானே? அவரு கண்ணுல படலியா?"

"பட்டிருக்கும் கண்ணு. மச்சான் கண்டுக்காம ஓட்டியிருப்பாரு."

செத்தவன்மேல் பழி. நாக்கு குளறக்கூட இல்லை.

அப்போது, கேட்காமலேயே திரை மாறியது. ஆக்ஸிஜன் சென்சார்களின் இரண்டு கோடுகள். எஞ்சின் ஓடும்போதுதான் அவை ஏறி இறங்கும். எஞ்சினைக் கிளப்பாத இந்த வண்டியில் அசையாமல் கிடக்க வேண்டும். இவை ஏறின. இறங்கின. ஒன்று நிதானமாக, ஆழமாக. இன்னொன்று சின்னதாக, அவசர அவசரமாக.

இறங்கி ஓடி பானட்டைத் தூக்கி பேட்டரி ஒயரைப் பிடுங்கினான். கார் தரும் கரண்டில்தான் ஸ்கேனர் ஓடும். பக்கக் கண்ணாடி வழியாகப் பார்த்தான்.

திரை அணையவில்லை.

"இது அவரு" என்றாள் சொர்ணலதா, திரையைத் தொட்டு. "இது யுவன். சளி கட்டுனா இப்பிடித்தான் இழுப்பான்."

"லதா, வெளிய வா."

மூன்றாவது கோடு ஒன்று எழுந்தது. அந்தக் காருக்கு மூன்றாவது சென்சாரே கிடையாது. அவன் மூச்சை இழுத்தபோது ஏறியது. விட்டபோது இறங்கியது. அடக்கிப் பார்த்தான். நின்றது.

"லதா!"

அவள் காலிச் சீட்டின் பக்கம் காதைச் சாய்த்திருந்தாள். யாரோ ரகசியம் சொல்வதைப்போலக் கேட்டுக்கொண்டிருந்தாள். முகம் மெல்ல மாறியது.

"மாமாவா?" என்று அந்தச் சீட்டிடம் கேட்டாள். "மாமாவா பல்ப பிடுங்குனாங்க?"

பிறகு அண்ணனைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே கண்ணாடியை ஏற்றினாள்.

கதவை இழுத்தான். திறக்கவில்லை. கத்த வாயைத் திறந்தான். சந்து முழுக்க மழைக்காற்று. ஒரு வாய் கூட உள்ளே போகவில்லை.

கண்ணாடிக்கு அப்பால் இரண்டு கோடுகள் ஏறி இறங்கின. மூன்றாவது படுத்துவிட்டது. சொர்ணலதா காலிச் சீட்டை மெல்லத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள், அந்தச் சின்னக் கோட்டின் வேகத்துக்கு.